22 பேர் அணியில் யாருக்கு எத்தனை நிமிடம்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு எடுத்த அணி

14 வயதுக்குட்பட்டோருக்கான லீக் கால்பந்து அணி. பட்டியலில் 22 பேர்: கோல்கீப்பர் இருவர், கள ஆட்டக்காரர் 20 பேர். ஒரு பக்கத்துக்கு 11 பேர், 35 நிமிடம் வீதம் இரண்டு பாதி. ஓர் ஆட்டத்துக்கு 18 பேரின் பெயரைத்தான் நடுவரிடம் கொடுக்க முடியும். மாற்றி வெளியே எடுத்தவரைத் திரும்ப உள்ளே அனுப்ப விதி இடம் தருகிறது. பருவத்தின் முதல் பாதியில் 11 ஆட்டங்கள்.

இது எந்த ஒரு கிளப்பின் பதிவேடும் அல்ல. போட்டி நிலையில் ஆடும் பெரிய இளையோர் அணிகளின் வழக்கமான அமைப்பை வைத்து, கணக்குக்காகக் கட்டிய மாதிரி அணி. எண்கள் ஒன்றோடொன்று பொருந்தும்படி போடப்பட்டிருக்கின்றன. ஆள் எண்ணிக்கையையும் ஆட்ட நிமிடத்தையும் மாற்றினால் இதே கணக்கு வேறு அணிக்கும் ஓடும்.

முதல் ஐந்து ஆட்டங்கள்

ஐந்து ஆட்டம் முடிந்தபோது அணியின் நிலை மோசமில்லை: மூன்று வெற்றி, ஒரு சமன், ஒரு தோல்வி. ஆனால் நான்கு பெற்றோர் புகார் சொல்லியாயிற்று. இரண்டு பிள்ளைகள் பயிற்சிக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். பயிற்சியாளரிடம் கேட்டால், "எல்லாரையும் இறக்கிக்கிட்டுத்தானே இருக்கேன்" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. யார் யார் உள்ளே போனார்கள் என்பது அவர் நினைவில் இருக்கிறது. எத்தனை நிமிடம் நின்றார்கள் என்பது இல்லை.

நிமிடங்களை எழுதிக் கூட்டினால்தான் விஷயம் தெரியும். களத்தில் எப்போதும் 10 கள ஆட்டக்காரர், 70 நிமிடம். ஆக, ஓர் ஆட்டத்தில் பங்கிட இருப்பது 700 நிமிடம். ஐந்து ஆட்டத்துக்கு 3,500. அது போன வழி இது:

அதிகம் ஆடிய 6 பேர்: தலைக்குச் சராசரி 320 நிமிடம், அதாவது ஆட்டத்துக்கு 64.
நடுவில் உள்ள 7 பேர்: தலைக்கு 170, ஆட்டத்துக்கு 34.
கடைசி 7 பேர்: தலைக்கு 56, ஆட்டத்துக்கு 11.

கோல்கீப்பர் இருவரும் எப்போதும் ஆட்டப் பட்டியலில் இருப்பதால், வாரம் நான்கு கள ஆட்டக்காரர் வெளியே நிற்க வேண்டும். ஐந்து ஆட்டத்தில் 20 முறை. அதில் 17 முறை கடைசி ஏழு பேரிலிருந்தே போயிருக்கிறது. அவர்கள் சீருடை அணிந்தது மொத்தம் 18 முறைதான். அப்போதும் ஒரு முறைக்குக் கிடைத்தது சுமார் 22 நிமிடம்.

அந்த 22 நிமிடமும் ஒரே நீட்டாகக் கிடைக்கவில்லை என்பது இன்னும் கவலைக்குரியது. ஏழேழு நிமிடமாக மூன்று முறை. பந்து வெளியே போய் வரும் நேரத்தைக் கழித்தால், பெஞ்சிலிருந்து எழுந்து போகும் பிள்ளைக்கு ஆட்டத்தின் வேகம் பிடிபடும் முன்னரே திரும்ப அழைப்பு வந்துவிடும். எதிரில் நிற்கும் விங்கர் (ஓரமாக ஏறி ஆடும் முன்கள ஆட்டக்காரர்) எந்தக் காலில் உதைப்பவர், பந்து வந்ததும் உள்ளே வெட்டுவாரா, கோட்டை ஒட்டி ஓடுவாரா என்று இரண்டு மூன்று மோதலில்தான் தெரியும். தெரிந்துகொண்ட நேரத்தில் மாற்றம். பிறகு "கிடைத்த வாய்ப்பில் ஒன்றும் காட்டவில்லை" என்று மதிப்பீடு எழுதப்படுகிறது. ஏழு நிமிடத்தில் ஒருவரை மதிப்பிடவே முடியாது. அந்த மதிப்பீட்டின் மேல் அடுத்த வாரப் பட்டியல் கட்டப்படுவதால் இடைவெளி தானாக வளர்கிறது.

நிமிடம் எங்கே தொலைகிறது

பயிற்சியாளரின் பாரபட்சம் என்று பெற்றோர் சொல்வார்கள். பெரும்பாலும் அது காரணமல்ல. திட்டம் இல்லாத இடத்தில் நிமிடம் தானாக ஒரு பக்கம் சரியும். அதற்கான வழிகள் சில திரும்பத் திரும்ப வருகின்றன.

முதலாவது, ஸ்கோரை நம்பி ஒத்திப்போடுவது. "மூன்று கோல் முன்னிலை வந்ததும் இறக்கலாம்" என்ற எண்ணம். சமபல அணிகளை ஒன்றாக வைக்கத்தான் லீக்கில் பிரிவுகளே இருக்கின்றன. மூன்று கோல் முன்னிலை அரிதாகத்தான் வரும். வந்தாலும் 60ஆவது நிமிடத்தில் வரும்.

இரண்டாவது, மாற்றும் வாய்ப்பு தள்ளிப்போவது. எந்த நிறுத்தத்திலும் மாற்றலாம் என்பது சில லீக்கின் விதி. வேறு சிலவற்றில் தன் பக்கத்து த்ரோ-இன், கோல் கிக், கோலுக்குப் பின், காயம், பாதிநேரம் ஆகியவற்றில் மட்டுமே மாற்றம். 15ஆவது நிமிடத்தில் மாற்ற நினைத்து, பிள்ளை அப்போதுதான் மேல்சட்டையைக் கழற்றி, காலுறையை ஏற்றி, ஷின் கார்டைத் தேடினால் அந்த நிறுத்தம் போய்விடும். அடுத்தது 18ஆவது நிமிடத்தில் வரலாம். அந்த மூன்று நிமிடம் எப்போதும் பெஞ்சில் இருப்பவரின் கணக்கில்தான் கழியும்.

மூன்றாவது, இடம் பூட்டப்படுவது. நடுத் தடுப்பு இருவர், அவர்களுக்கு முன்னால் நிற்கும் நடுக்களத் தாங்கி ஒருவர், இவர்களுக்கு மாற்று ஆளைப் பயிற்றுவிக்காமல் விட்டால் அந்த மூன்று இடத்தின் 210 நிமிடமும் பங்கீட்டுக்கே வராது. மிச்சம் ஏழு இடத்தில்தான் மற்ற 17 பேரும் நெருக்கியடிக்க வேண்டும். பலவீனமானவர் என்று கருதப்படும் பிள்ளையை எப்போதும் ஓரத்தில் விங்கராக நிறுத்துவதும் இதன் மறுபக்கம். அங்கே பந்து குறைவாக வரும். குறைவாக வரும் இடத்தில் கற்பதும் குறைவு.

நான்காவது, 12 முதல் 14 வயதுக்கே உரியது. வளர்ச்சி வேகம் பெண் பிள்ளைகளுக்குப் பொதுவாக 12 வயதையொட்டியும் ஆண் பிள்ளைகளுக்கு 14 வயதையொட்டியும் உச்சத்துக்குப் போகிறது. ஒரே அணியில் மீசை அரும்பியவனும் குரல் உடையாதவனும் இருப்பார்கள். வயதுப் பிரிவின் வெட்டுத் தேதிக்குச் சற்றுப் பின் பிறந்தவர்கள், ஏறக்குறைய ஓராண்டு மூத்தவர்களாகவே ஆடுகிறார்கள். இளையோர் விளையாட்டுத் தேர்வில் அவர்கள் அதிகம் இடம்பிடிப்பது பல நாடுகளில் பதிவான உண்மை. கடைசி ஏழு பேரின் பிறந்த மாதங்களை வரிசையாக எழுதிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. பெரும்பாலோர் அந்த வெட்டுத் தேதியில் தொடங்கும் ஆண்டின் பின்பகுதியில் பிறந்தவர்கள் என்று தெரிந்தால், அந்த ஏழு பேரை வரிசைப்படுத்தியது திறமை மட்டுமல்ல, உயரமும்தான்.

பட்டியல் போடும் நாள்

இதையெல்லாம் சரிசெய்தாலும் ஒரு சுவர் எதிரே நிற்கும். சிறந்த ஆறு பேருக்கு ஆட்டத்துக்கு 60 நிமிடம் கொடுப்பது என்று ஒரு பயிற்சியாளர் முடிவெடுத்தால், அது போட்டி அணியில் அநியாயமான முடிவு அல்ல. அந்த 360 நிமிடத்தைக் கழித்தால் மிச்சம் 340. அதை எத்தனை பேர் பங்கிடுகிறார்கள் என்பதுதான் கேள்வி. இரண்டு கோல்கீப்பர் தவிர்த்து:

16 பேர் பட்டியல்: மற்ற 8 பேருக்கு ஆட்டத்துக்குச் சராசரி 42 நிமிடம்.
18 பேர் பட்டியல்: 10 பேருக்கு 34.
20 பேர் பட்டியல்: 12 பேருக்கு 28.
22 பேர் பட்டியல்: 14 பேருக்கு 24.

பயிற்சியாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கடைசி வரியில் உள்ள 24-ஐ 34 ஆக்க முடியாது. பெற்றோர் பருவத்தின் நடுவில் சண்டைபோடும் நிமிடங்கள் உண்மையில் தேர்வு முடிந்து பட்டியலில் 19ஆவது, 20ஆவது, 21ஆவது, 22ஆவது பெயரை எழுதிய நாளிலேயே செலவாகிவிட்டன.

கிளப்புகள் ஏன் 22 வரை போகின்றன என்பதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. காயம், தேர்வுக்காலம், குடும்பப் பயணம்; 18 பேரில் ஐந்து பேர் வராத வாரமும் வரும். விட்டுவிட்டால் பக்கத்துக் கிளப் எடுத்துக்கொள்ளும் என்ற அச்சமும் உண்டு. கட்டண வருமானமும் உண்டு. கடைசிக் காரணத்தை ஏற்க முடியாது: ஒரு பிள்ளையிடம் முழுக் கட்டணம் வாங்கிவிட்டு, ஆட்டத்துக்கு 11 நிமிடம் கொடுப்பது கல்வியும் இல்லை, விளையாட்டும் இல்லை. திரும்ப இறங்க அனுமதியுள்ள லீக்கில் இந்த வயதுக்கு 18 பேர் போதும். 22 பேரை எடுத்தால் அவர்களுக்கென்று இரண்டாவது ஆட்ட அட்டவணையும் கையில் இருக்க வேண்டும்.

பெரிய அமைப்புகள் இதை விதியாகவே வைத்திருக்கின்றன. 1964-இல் கலிஃபோர்னியாவின் டாரன்ஸில் தொடங்கிய அமெரிக்க இளையோர் கால்பந்து அமைப்பான ஏ.ஒய்.எஸ்.ஓ., ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வோர் ஆட்டத்திலும் குறைந்தது பாதி நேரம் ஆட வேண்டும் என்று சொல்கிறது. அது பொழுதுபோக்கு நிலை. ஆனால் 2007 முதல் 2020 வரை அந்நாட்டின் உயர்மட்டப் போட்டி நிலையாக இருந்த டெவலப்மென்ட் அகாடமியிலும், முழுநேர ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் குறைந்தது 25 விழுக்காடு ஆட்டங்களைத் தொடக்க 11-இல் ஆட வேண்டும் என்ற விதி இருந்தது. போட்டி நிலை என்றால் வரம்பே கூடாது என்ற வாதம் அங்கேயே நிற்கவில்லை.

மீதி ஆறு ஆட்டங்களுக்கான திட்டம்

பட்டியலை நடுவில் குறைக்க முடியாது. இருக்கும் 700 நிமிடத்தை வைத்துத்தான் செய்ய வேண்டும். முதலில் நான்கு வரியில் எழுத்து வடிவில் கொள்கை:

ஒவ்வொரு கள ஆட்டக்காரருக்கும் ஆறு ஆட்டங்களின் மொத்த நேரத்தில் குறைந்தது 30 விழுக்காடு.
ஆட்டப் பட்டியலில் பெயர் வந்தால் அன்று இரண்டு கட்டம், அதாவது 35 நிமிடம், திட்டத்தில் உறுதி.
தொடர்ந்து இரண்டு வாரம் யாரும் வெளியே நிற்கக் கூடாது.
ஆறில் குறைந்தது இரண்டு ஆட்டம் தொடக்கத்திலேயே இறங்க வேண்டும்.

வரம்பைத் தனி ஆட்டத்துக்கு வைக்காமல் ஆறு ஆட்டத் தொகுப்புக்கு வைப்பதற்குக் காரணம் உண்டு. கடினமான எதிரணிக்கு எதிராக ஒருவருக்குக் குறையலாம். அடுத்த வாரம் ஈடுகட்டலாம். ஆட்டம்தோறும் சம நிமிடம் என்று கட்டினால் பயிற்சியாளர் 30ஆவது நிமிடத்தில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார், ஆட்டத்தைப் பார்க்க மாட்டார்.

ஒவ்வொரு பாதியையும் இரண்டாகப் பிரித்தால் ஆட்டத்துக்கு நான்கு கட்டம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 17 அரை நிமிடம். 10 இடம், நான்கு கட்டம், ஆக 40 கட்டங்கள் கையில். அன்று சீருடை அணிபவர் 16 கள ஆட்டக்காரர். பங்கீடு இப்படி:

சிறந்த ஆறு பேரில் ஒருவருக்கு 4 கட்டம், ஐவருக்கு 3 கட்டம்: மொத்தம் 19.
மற்ற பத்துப் பேரில் ஒருவருக்கு 3, ஒன்பது பேருக்கு 2: மொத்தம் 21.

அந்த ஆறு பேரின் 19 கட்டத்தை 5, 5, 5, 4 என்று பரப்ப வேண்டும். இது விட்டுக்கொடுக்கக் கூடாத இடம். பலர் செய்யும் தவறு, சிறந்த ஆறு பேரையும் ஒன்றாக வெளியே எடுத்து, மிச்சமுள்ளவர்களை ஒன்றாக இறக்குவது. அந்தக் கட்டத்தில் அணி கோல் வாங்கும், "பார்த்தீர்களா" என்று சொல்லப்படும், திட்டம் அத்துடன் சாகும். புதிதாக இறங்கும் பிள்ளையின் பக்கத்தில் ஆட்டம் தெரிந்த ஒருவர் நிற்க வேண்டும். வலது ஃபுல் பேக் (ஓரத் தடுப்பாளர்) புதியவர் என்றால் வலது நடுத் தடுப்பு பழையவர்.

ஒவ்வொரு தொடக்கக் கட்டத்திலும் சிறந்தவர்கள் ஐந்து பேர், மற்றவர்கள் ஐந்து பேர். ஆறு ஆட்டத்துக்கு மற்றவர்களுக்கு 30 தொடக்க இடம். 14 பேருக்கு இரண்டு வீதம் 28 தேவை. இரண்டு இடம் மிச்சமும் இருக்கிறது. வெளியே நிற்பது ஆறு வாரத்துக்கு 24 முறை: கடைசி ஏழு பேர் ஆளுக்கு இரண்டு, ஆக 14, நடுவில் ஏழு பேரிடமிருந்து 10. இந்த அட்டவணையை முதல் நாளே போட்டுக் கொடுத்துவிட வேண்டும். எந்த வாரம் வெளியே என்று தெரிந்த குடும்பம் வேறு திட்டம் போட்டுக்கொள்ளும். ஆட்டத்துக்கு முந்தைய இரவு செய்தி பார்த்துத் தெரிந்துகொள்ளும் பிள்ளை அதைத் தண்டனையாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

திட்டத்தின் சராசரி, கடைசி ஏழு பேருக்கு ஆட்டத்துக்கு 23 நிமிடம், அதாவது 33 விழுக்காடு. வரம்பு 30 தானே என்று கேட்கலாம். அந்த மூன்று விழுக்காடு கசிவுக்காக. நிறுத்தம் தாமதமாக வரும், நடுவர் மாற்றத்தைக் கவனிக்க மாட்டார், யாருக்காவது சுளுக்கும். வரம்பில் சரியாகத் திட்டமிட்டால் வரம்புக்குக் கீழேதான் முடியும்.

ஆட்ட நாளில்

ஒரு கிளிப்போர்டு, அதில் ஒரே ஒரு தாள். இடப்பக்கம் 10 இடங்களின் பெயர், மேலே நான்கு கட்டம், ஒவ்வொரு கட்டத்திலும் அந்த இடத்தில் நிற்பவரின் சட்டை எண் பென்சிலில். கீழே கார்னரின்போது யார் எங்கே என்ற பட்டியல். ஆனால் ஆளின் பெயருக்கு எதிரே அல்ல, இடத்தின் பெயருக்கு எதிரே. "அருகிலுள்ள கோல் கம்பம்: வலது ஃபுல் பேக்" என்று எழுத வேண்டும். மாற்றம் நடந்த சில நிமிடத்தில் வாங்கும் கோல்களுக்கு மிக வழக்கமான காரணம் இதுதான்: வெளியே போனவர் பார்த்துக்கொண்டிருந்த கம்பத்தை உள்ளே வந்தவர் பார்க்கவில்லை, யாரும் அவரிடம் சொல்லவும் இல்லை. வேலை இடத்தோடு ஒட்டியிருந்தால் ஆள் மாறினாலும் கம்பம் காலியாகாது.

பெஞ்சில் இருக்கும் ஆறு பேரையும் ஒரே நிறுத்தத்தில் இறக்கக் கூடாது. 15ஆவது நிமிடத்தையொட்டி மூவர், 20ஆவதையொட்டி மூவர். இரண்டாம் பாதியில் 50, 55. நடுத் தடுப்பு இருவரையும் ஒன்றாக எடுக்கக் கூடாது. நம் கோல் பக்கம் கார்னர் அல்லது ஃப்ரீ கிக் இருக்கும்போது மாற்றம் வேண்டாம். அடுத்து இறங்குபவர்கள் ஐந்து நிமிடம் முன்பே எழுந்து கோட்டோரம் ஓட வேண்டும். மூன்று நிமிடம் முன்பு மேல்சட்டை கழன்று, ஷின் கார்டு கட்டி, நடுக்கோட்டருகே நிற்க வேண்டும். பயிற்சியாளர் அவர்களிடம் சொல்வது ஒரே ஒரு விஷயம். "அந்த 7ஆம் நம்பர் பையன் உள்ளேதான் வெட்டுறான், நீ வெளிப்பக்கத்தை விட்டுக் குடு" என்பது போல. மூன்று அறிவுரை கொடுத்தால் மூன்றும் போகும்.

கணக்கு எழுத ஒருவர் தனியாக வேண்டும். உதவிப் பயிற்சியாளரோ, பெற்றோரில் ஒருவரோ. தன் பிள்ளை ஆடும் அணிதான் என்றாலும் பரவாயில்லை, எண் எழுதுவதில் கருத்துக்கு இடமில்லை. தொடக்க விசில் ஊதியதும் ஓடவிட்ட கடிகாரத்தை நிறுத்தக் கூடாது. உள்ளே போன நிமிடம், வெளியே வந்த நிமிடம், இடம். இவ்வளவுதான். பயிற்சியாளரே எழுதினால் 40ஆவது நிமிடத்துக்குமேல் அந்தத் தாள் காலியாக இருக்கும்.

கடைசிக் கட்டத்தைப் பற்றி ஒரு தீர்ப்பு தேவை. நெருக்கமான ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்தில் பயிற்சியாளருக்குச் சுதந்திரம் வேண்டும். ஆகவே கடைசி ஏழு பேருக்கு உறுதியளித்த இரண்டு கட்டத்தையும் பெரும்பாலும் முதல் மூன்று கட்டத்துக்குள் முடித்துவிடலாம். ஆனால் அதையே வழக்கமாக்கினால் அந்தப் பிள்ளைகள் ஒரு கோல் முன்னிலையைக் காப்பதையோ, ஒரு கோலைத் துரத்துவதையோ கற்கவே மாட்டார்கள். மூன்றில் ஓர் ஆட்டத்திலாவது அவர்கள் கடைசிக் கட்டத்தில் களத்தில் இருக்க வேண்டும். அது ஸ்கோரைப் பார்த்து முடிவு செய்யும் விஷயமல்ல. வாரம் தொடங்கும்போதே தாளில் இருக்க வேண்டும்.

ஆள் வராவிட்டால் என்ன செய்வது? 16 கள ஆட்டக்காரருக்கு ஒரு தாள், 14-க்கு ஒன்று, 12-க்கு ஒன்று. மூன்றும் முந்தைய நாளே தயார். காலையில் இரண்டு பேருக்குக் காய்ச்சல் என்றால் தாளை மாற்றினால் போதும்; புதிதாக யோசிக்கத் தொடங்கினால் பழைய வழக்கமே திரும்ப வரும்.

கோல்கீப்பர்

இரண்டு பேருக்கும் பாதிக்குப் பாதி என்பது 12 வயதுவரை சரி. 14 வயதில் முழு ஆட்டமாகப் பிரிப்பது நல்லது: கோல்கீப்பருக்கு 70 நிமிடக் கவனம் தனிப் பயிற்சி, அது பாதியில் கிடைக்காது. ஆறில் நான்கு, இரண்டு என்று பிரித்தாலும் இரண்டாமவருக்கு 33 விழுக்காடு வருகிறது. களத்தில் உள்ள ஒருவரும் கோல்கீப்பரும் இடம் மாறலாம். நடுவரிடம் முன்பே சொல்ல வேண்டும், ஆட்டம் நின்றிருக்கும்போது செய்ய வேண்டும். சொல்லாமல் மாறினால் எச்சரிக்கை அட்டை வரும்.

திரும்ப இறங்க முடியாத போட்டிகளில்

கால்பந்துச் சட்டத்தின் மூன்றாம் விதி, திரும்ப இறங்குவதை இளையோர், மூத்தோர், மாற்றுத்திறனாளர், அடித்தள நிலை ஆட்டங்களில் மட்டும், அதுவும் தேசியச் சங்கம் ஒப்புக்கொண்டால் அனுமதிக்கிறது. உயர்நிலை இளையோர் போட்டிகள் சில இதைத் தருவதில்லை. அங்கே நான்கு கட்டத் தாள் வேலை செய்யாது. ஆறு மாற்று ஆட்டக்காரர்களையும் பாதிநேரத்தில் இறக்கினால், நால்வர் 70 நிமிடம், பன்னிருவர் 35 நிமிடம். கணக்கு அழகாக 700-க்கு வருகிறது. ஆனால் 46ஆவது நிமிடத்தில் ஒருவருக்குக் கணுக்கால் திரும்பினால் கள ஆட்டக்காரர் யாரும் மிச்சமில்லை; 10 பேரோடு முடிக்க வேண்டியதுதான். ஆகவே பாதிநேரத்தில் நான்கு மாற்றம், 50ஆவது நிமிடத்துக்கு மேல் ஒன்று, கடைசி ஒன்றை 55 வரை கையில் வைத்திருப்பது பாதுகாப்பு. அந்த இருவருக்கு அன்று குறையும். அவர்கள் பெயரைக் குறித்து அடுத்த ஆட்டத்தில் தொடக்கத்தில் இறக்க வேண்டும். மாற்றங்களின் எண்ணிக்கைக்கும், எத்தனை நிறுத்தங்களில் செய்யலாம் என்பதற்கும் அந்தந்தப் போட்டியின் விதியை ஒருமுறை எழுத்தில் பார்த்துக்கொள்வது அவசியம்.

பயிற்சிக்கு வராதவர்

இதற்குத் தனி விதி, நிமிட வரம்போடு கலக்காமல். காரணம் சொல்லாமல் ஒரு பயிற்சியைத் தவறவிட்டால் அந்த வாரம் தொடக்கத்தில் இறங்க முடியாது. இரண்டைத் தவறவிட்டால் அந்த வாரம் வெளியே. நோயும் பள்ளித் தேர்வும் கணக்கில் சேராது. சிறந்த ஆறு பேருக்கும் இதே விதி. அவர்களில் ஒருவரை ஒருமுறை உண்மையாகவே வெளியே நிறுத்தினால் போதும், மற்ற 21 பேரும் விதியை நம்புவார்கள். நிறுத்தாமல் விட்டால் எந்தக் காகிதமும் உதவாது.

ஆறு ஆட்டத்துக்குப் பிறகு

கசிவையும் சேர்த்துக் கணக்கு இப்படி முடிகிறது. சிறந்த ஆறு பேர் ஆட்டத்துக்கு 64-இலிருந்து 56. நடுவில் ஏழு பேர் 34-இலிருந்து 31. கடைசி ஏழு பேர் 11-இலிருந்து 21. ஆறு பேர் ஆளுக்கு எட்டு நிமிடமும், ஏழு பேர் ஆளுக்கு மூன்று நிமிடமும் விட்டார்கள். மற்ற ஏழு பேரின் ஆட்டம் ஏறக்குறைய இரட்டிப்பானது. சீருடை அணிந்த நாளில் 22 நிமிடமாக இருந்தது 31 அரை ஆகிறது, துண்டுகளும் நீளமானவை.

சிறந்தவர்கள் இழந்த எட்டு நிமிடம் அவர்களுக்கும் கெடுதல் இல்லை. வளர்ச்சி வேகத்தில் இருக்கும் பிள்ளைகளில், முழங்கால் சில்லுக்குக் கீழே வலிக்கும் ஆஸ்குட்-ஷ்லாட்டர், குதிகாலில் வலிக்கும் சீவர்ஸ், இரண்டும் அதிக ஓட்டம், குதிப்பால் தூண்டப்படுபவை. பள்ளி அணி, கிளப் அணி, தேர்வு முகாம் என்று மூன்று இடத்தில் ஆடுவதும் பெரும்பாலும் அதே ஆறு பேர்தான்.

ஆனால் 11 ஆட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால் கடைசி ஏழு பேருக்கு வருவது தலைக்கு 182 நிமிடம்; 770-இல் 24 விழுக்காடுகூட இல்லை. ஐந்து ஆட்டம் கழித்துத் தொடங்கியதற்கான விலை அது. முழுப் பாதிப் பருவத்துக்கும் 30 விழுக்காட்டை எட்ட வேண்டுமானால் மீதி ஆறில் ஆட்டத்துக்கு 29 நிமிடம் தேவைப்பட்டிருக்கும். சிறந்தவர்களிடமிருந்து எட்டு நிமிடத்துக்குப் பதில் 17, 18 நிமிடம் எடுத்தால்தான் அது நடக்கும். நடுப்பருவத்தில் அப்படி வெட்டினால் வேறு ஆறு குடும்பத்தோடு புதிய சண்டை. நிமிடக் கணக்கை முதல் ஆட்டத்திலிருந்தே எழுத வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

இடைவெளியை நிரப்ப இரண்டு நட்பு ஆட்டம் வைக்கலாம். 12 கள ஆட்டக்காரரோடு ஆடினால் ஓர் ஆட்டத்தில் தலைக்கு 58 நிமிடம் வரும். இதில் சிறந்த ஆறு பேர் தேவையில்லை. பிள்ளைகள் நடுத் தடுப்பிலும் நடுக்களத்திலும் நின்று பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் நட்பு ஆட்ட நிமிடத்தை லீக் நிமிடத்தோடு கூட்டி "வரம்பு வந்துவிட்டது" என்று காட்டக் கூடாது. தனிப் பத்தியில் எழுத வேண்டும். பிள்ளைகளுக்கு இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நன்றாகத் தெரியும்.

பேசும் முறை

மூன்று ஆட்டத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு குடும்பத்துக்கும் தங்கள் பிள்ளையின் நிமிடம், அணியில் அதிகபட்சம், குறைந்தபட்சம், இவ்வளவும் போக வேண்டும். மற்றவர் பெயர் தேவையில்லை. ஆட்டம் முடிந்த அன்று நிமிடம் பற்றிப் பேச்சு வேண்டாம். ஒரு நாள் கழித்து, முதலில் பிள்ளையே வந்து கேட்க வேண்டும். 13 வயதுப் பிள்ளைக்கு அது முடியும். பதிலில் மூன்று இருக்க வேண்டும்: எத்தனை நிமிடம், எது குறை, எப்போது மறுபடி பார்ப்பது.

"நீ இதுவரைக்கும் 63 நிமிஷம் ஆடியிருக்கே. பந்து நம்ம கைவிட்டுப் போனதும் நின்னுடுறே, அந்த முதல் அஞ்சு வினாடி துரத்தணும். வர்ற மூணு மேட்ச்ல அதை மட்டும் பாக்குறேன், அப்புறம் உக்காந்து பேசலாம்."

இதில் "இன்னும் உழைக்கணும்" என்ற சொல் இல்லை. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையால் திங்கட்கிழமைப் பயிற்சியில் எதையும் செய்ய முடியாது. பெற்றோரிடமும் அதே மூன்று விஷயம்தான், பிள்ளை உடனிருக்க, மற்ற பிள்ளைகளோடு ஒப்பிடாமல்.

அடுத்த பருவத்துக்கான அறிவிப்பு

தேர்வுக்கு முன்பே எல்லாக் குடும்பத்துக்கும் போக வேண்டிய தாளில் இவை இருக்க வேண்டும்: பட்டியலில் அதிகபட்சம் எத்தனை பேர், ஆட்டப் பட்டியல் எத்தனை, வாரம் எத்தனை பேர் வெளியே நிற்பார்கள், பருவத்துக்கான குறைந்தபட்ச விழுக்காடு, பயிற்சிக்கு வராவிட்டால் என்ன, நிமிடக் கணக்கு எப்போது கையில் வரும். 22 பேர் என்று முடிவெடுத்தால் அந்த எண்ணும், அதனால் ஒருவருக்கு வரக்கூடிய குறைந்தபட்ச நிமிடமும் அதே தாளில் அச்சாக வேண்டும். 18 பேரோடு நிறுத்தி, இரண்டாம் அணியிலிருந்து நான்கு பேருக்கு இரு அணியிலும் ஆடும் அனுமதியைப் பதிவு செய்துவைப்பது, லீக் விதி இடம் தந்தால், இந்தக் கணக்குக்கு மிகவும் பொருந்தும் ஏற்பாடு: அந்த நால்வரும் தங்கள் அணியில் வாரந்தோறும் முழு நேரம் ஆடுவார்கள், இங்கே ஆள் குறையும் வாரத்தில் மட்டும் வருவார்கள். ஆனால் ஒரே வார இறுதியில் இரு அணிக்கும் முழு ஆட்டம் ஆடவைக்கக் கூடாது என்ற வரியையும் அதனுடன் சேர்க்க வேண்டும்.